ஃபோர்வீல் அண்ணாச்சியின் மலைச் சவாரி

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு என்றைக்காவது வழி தவறிவிட்டால், அது ஃபோர்வீல் அண்ணாச்சியிடம் வந்துதான் விசாரிக்கும் என்று தென்காசி வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைப் பரப்பியவர் ஃபோர்வீல் அண்ணாச்சி.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஏதாவது இருந்திருக்கும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியலாம். மேலகரத்துக்காரர். பழைய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருந்தார். வாழைத்தார், தேங்காய், சின்ன வெங்காயம், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். அந்த வண்டியில் எஞ்சினின் இழுவை பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான் போகும். நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள 'ஃபோர்வீல்' மலை வண்டி வேறு ரகம், வேறு விலை. ஆனால் இதை அவரிடம் சொல்லி ஜெயிக்க முடியாது.

"ஏலே, வண்டி ஓடும்போது எத்தனை வீலு சுத்துது?"

"நாலு, அண்ணாச்சி."

"பெறவு? ஃபோர்வீலுன்னா வேற என்னதாம்லே?"

தார் ரோடு என்றாலே அவருக்கு இளக்காரம். "ரோட்டுல யாரு வேணும்னாலும் ஓட்டுவான். இதுக்கு ஒரு டிரைவரு வேணுமாக்கும்?" என்பார். தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போக ஊரில் எல்லோருக்கும் ஒரு வழி இருந்தால், அவர் வாய்க்கால் கரை, குளத்தங்கரை, தென்னந்தோப்பு என்று தனக்கென்று ஒரு வழி வைத்திருப்பார். வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பந்தி பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு இப்படித்தான் குறுக்கு வழியில் போனார். பொண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் பெஞ்சுகள் வந்து இறங்கின. கல்யாண வீட்டார் கையை ஓங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். "ஏன் சத்தம் போடுதிய? மறுவீட்டுப் பந்திக்கு வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு இவரே பெஞ்சை விரித்து, உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

ஸ்டீயரிங்கை வேறொருவர் தொடக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். அருவியில் குளிக்கும்போதுகூட சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும். மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால், இவர் ஓட்டுவார், மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

நான் அப்போது தென்காசியில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனராக இருந்தேன். கடையில் மொத்தம் மூன்று பேர். நான், மெஷின் ஓட்டுகிற சேவியர், பிறகு ஓனர். ஓனர் கடையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மீதிப் பாதியில் மெஷின். சேவியரும் நானும் இடுக்கில்.

ஆனி மாசம், சாரல் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை. அண்ணாச்சி கடைக்கு வந்து ஒரு பேனர் சொன்னார். 'குற்றாலம் ஃபோர்வீல் மலைச் சவாரி' என்று பெரிய எழுத்து. ஒரு பக்கம் அருவி, ஒரு பக்கம் யானை. நடுவில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு அண்ணாச்சி.

"புலி ஒண்ணு வச்சுருவமா அண்ணாச்சி?" என்றான் சேவியர்.

"வேண்டாம்டே. பொம்பளையாளுக பயந்து வர மாட்டாவ. யானை போதும், அது சாது."

மேக்கரைக்கு மேலே, மலைச் சரிவில் ஒரு தனியார் தோட்டம். அங்கிருந்து வழக்கமாகத் தேங்காய் ஏற்றுகிறவர் இவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றிப் பார்க்கிறவர்களைத் தோட்டத்துப் பாதையில் கூட்டி வரலாம் என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. கரடுமுரடான பாதை, நடுவில் ஓடை, மேலே புல்வெளி, போகிற வழியெல்லாம் மலை. வாழ்நாள் முழுக்க வாழைத்தாருக்குக் காட்டிக்கொண்டிருந்ததை இனி மனிதர்களுக்குக் காட்டலாம்.

"சரி அண்ணாச்சி, பேனர் எப்போ வேணும்?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு ராத்திரி சொல்லுதேன்டே. மைனி வண்டியை விக்கணும்னு நிக்கா."

மைனி என்றால் அண்ணாச்சியின் மனைவி. அண்ணன் பொண்டாட்டியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். மைனிக்கு வண்டி மேல் கோபம் ஒன்றும் இல்லை. இவர் மலைக்குப் போனால் போன் எடுக்காது. பொழுது சாய்ந்ததும் மைனி வாசலில் வந்து நிற்பாராம். வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் அவருக்குத் தண்ணீர்கூட இறங்காது. இப்போது சரக்கு போதாதென்று சவாரியும் என்றதும், போதும் சாமி என்று வீரகேரளம்புதூரில் செங்கல் சூளை வைத்திருக்கும் ஒருவரிடம் விலை பேசிவிட்டார். திங்கட்கிழமை அவர் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அண்ணாச்சி கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மைனியே கூட வருவார். மலைச் சவாரியைக் கண்ணால் பார்ப்பார். மனசு ஒத்துக்கொண்டால் வண்டி இருக்கும். இல்லையென்றால் செங்கல் சுமக்கப் போய்விடும்.

"பரிச்சைக்குப் போறோம்டே. சவாரிக்கு ஆளு வேணும். நீங்க மூணு பேரும் வந்துருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குற்றாலத்தில் கூடினோம். அங்கேதான் அண்ணாச்சியின் மூளை வேலை செய்தது. அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இருப்பார்களே, அவர்களிடம் எங்கள் மூவரையும் ஒப்படைத்தார்.

"மலைக்குத்தானே போறோம், இங்கன எதுக்கு எண்ணெய்?" என்று கேட்டார் ஓனர்.

"மேல ஓடையில குளிக்கப் போறிய. அங்கன தேய்க்க ஆளு உண்டுமா? இப்பமே தேச்சுக்கிட்டா போற வழியில நல்லா ஊறும். இதுதான் நம்ம சவாரியோட ஸ்பெஷலு."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, ஆளுக்கொரு கால்சட்டையோடு வண்டியின் பின்னால் ஏறினோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றலாமா என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து அடுத்த பத்திக்குப் போய்விடவும்.

உட்காருவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று எங்கள் கடையிலிருந்தே ஒரு பழைய கல்யாண ஃபிளெக்ஸை வாங்கிப்போய் விரித்து வைத்திருந்தார். ஃபிளெக்ஸ் சீட்டு வழவழவென்று இருக்கும். அதன் மேல் எண்ணெயில் குளித்த மூன்று பேர். மேலே சாரல் வேறு. வண்டி கிளம்பியதும் நாங்களும் கிளம்பினோம், பின்பக்கமாக. பிரேக் போட்டால் மூவரும் முன்பக்கம் போய் கேபினில் முட்டுவோம். வளைவில் திரும்பினால் ஓனர் எங்கள் மேல் வருவார். ஒருவர் கையை ஒருவர் பிடித்தால் கை வழுக்கியது. வண்டிக் கம்பியைப் பிடித்தால் கம்பியும் வழுக்கியது. பண்பொழி தாண்டுவதற்குள் அந்தக் கல்யாண மாப்பிள்ளை முகத்தில் நான் எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தேன் என்று கணக்கே இல்லை. அவர் எங்கே இருந்தாலும் மன்னிக்க வேண்டும்.

தோட்டத்து கேட்டில் காவல்காரர் வண்டியை நிறுத்தினார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்து ஆள். பின்னால் எட்டிப் பார்த்தார். மினுமினுவென்று மூன்று உடம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"எந்தா அண்ணாச்சி, இது என்ன லோடு?"

"குளிப்பாட்டக் கொண்டு போறேன்" என்றார் அண்ணாச்சி, கொஞ்சமும் சிரிக்காமல். காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டார்.

அதற்கப்புறம் பாதை என்று ஒன்று இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். பாறாங்கல்லும் பள்ளமும் மாறி மாறி வந்தன. அண்ணாச்சியோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சுற்றுலா வழிகாட்டியாகவே மாறிவிட்டார்.

"அந்தா தெரியுதுல்லா, அதுதான் யானைப்பாறை!"

"யானை மாதிரி இல்லையே அண்ணாச்சி!"

"நமக்குத் தெரியாதுடே, யானைக்குத் தெரியும்."

ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, "வியூ பாயிண்டு. இங்கன நின்னா கேரளா தெரியும்" என்றார். நான்கு பக்கமும் வெள்ளை வெளேரென்று மூடுபனி. பக்கத்தில் இருந்த சேவியரே மங்கலாகத்தான் தெரிந்தான்.

"ஒண்ணும் தெரியலையே!"

"தெரியாட்டி என்னலே? அங்கனதான் இருக்கு. எங்கயும் ஓடிப்போவாது."

இத்தனைக்கும் பரீட்சை அதிகாரி முன்சீட்டில்தான் இருந்தார். கேபினின் பின்கண்ணாடி வழியாக எனக்கு மைனியின் கொண்டை மட்டும் தெரிந்தது. ஒரு கையால் மேலே உள்ள பிடியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் எங்கள் குளியலுக்கான சீயக்காய்ப் பொட்டலமும் புளியோதரை வாளியும்.

"பயமா இருக்கா?" என்று அண்ணாச்சி கேட்டது காதில் விழுந்தது.

"கண்ணைத் தொறந்தால்லா தெரியும்" என்றார் மைனி. குற்றாலத்தில் மூடிய கண்ணாம் அது.

ஓடை வந்தது. தண்ணீர் முழங்கால் அளவுதான். அண்ணாச்சி உற்சாகத்தில் வேகமாக இறக்கினார். தண்ணீரைத் தாண்டி அக்கரை ஏறும் இடத்தில் சேறு. பின்சக்கரம் இரண்டும் புதைந்து, உர்ரென்று சுற்றிச் சேற்றை வாரி இறைத்தன. வண்டி அரை அடிகூட நகரவில்லை.

ஓனர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, அந்த மத்த ரெண்டு வீலையும் போடுங்க!"

"அது அவசரத்துக்கு மட்டும்தாம்" என்றார் அண்ணாச்சி.

"இதைவிட என்ன அவசரம் வேணும்?"

நாங்கள் இறங்கித் தள்ளினோம். தள்ளினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. எண்ணெய்க் கை வண்டியில் நிற்குமா? ஓனர் ஒரு தம் கட்டித் தள்ளியதில் கை வழுக்கி, வண்டியின் பின்கதவை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டார். சேவியர் சேற்றில் குப்புற விழுந்து எழுந்தபோது, வாயைத் திறந்து பேசிய பிறகுதான் அது சேவியர் என்று தெரிந்தது. நான் விழவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

சத்தத்தில் மைனி கண்ணைத் திறந்துவிட்டார். கீழே இறங்கி வந்து வண்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் அண்ணாச்சியைக் கொன்றுவிட்டது. அவர் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"வண்டி போயிரும்டே" என்றார் மெதுவாக. "எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. வீட்டுல இருந்து மலையைப் பாத்துக்கிட்டு இருங்கன்னு சொல்லுதா. பாத்துக்கிட்டே எப்படிடே இருக்க முடியும்?"

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அந்தப் பழைய வண்டி அவரிடமே இருக்க வேண்டும் என்று, எண்ணெயும் சேறுமாக நின்ற இடத்திலேயே சாமியைக் கும்பிட்டேன்.

மைனி அதற்குள் சேலையை இழுத்துச் செருகியிருந்தார்.

"பொழுது சாயுமுன்ன வீடு போய்ச் சேரணும். இப்பிடியே முழிச்சுக்கிட்டு நின்னா ஆச்சா? எல்லாரும் கையை நீட்டுங்கய்யா."

நீட்டினோம். சீயக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்து, எங்கள் உள்ளங்கைகளில் கொட்டித் தேய்க்கச் சொன்னார். எண்ணெய் வழுக்கல் போய்க் கை சொரசொரவென்று ஆகிவிட்டது. ஆனால் சீயக்காய்த் தூள் மூக்கில் ஏறி ஆளாளுக்குத் தும்ம ஆரம்பித்தோம். அண்ணாச்சி சகுனம் பார்க்கிறவர். ஒற்றைத் தும்மல் கேட்டாலே வண்டியை எடுக்க மாட்டார். இத்தனை தும்மலுக்கு என்ன சகுனம் என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்று பேர் தள்ளினால் போதாது, நாலாவது ஆள் வேண்டும் என்பது பார்த்தாலே தெரிந்தது. நாலாவது ஆளோ பாறையிலிருந்து எழுந்து போய் மறுபடி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் இறங்கித் தள்ளுங்க. நான் உள்ள உக்காருதேன்" என்றார் மைனி.

"எங்க? ஸ்டீயரிங்குலயா?"

"பெறவு, டயர்லயா?"

அண்ணாச்சி எங்களைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். பிறகு மெல்ல இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மைனி ஏறி உட்கார்ந்தார். ஓடைக்கரையிலேயே ஓட்டுநர் பயிற்சி நடந்தது.

"இடது காலு கிளட்சு, வலது காலு ஆக்சிலேட்டரு. நான் 'விடு'ன்னு சொன்னதும் இடது காலைப் பைய எடு, வலது காலை அமுக்கு. வேற ஒண்ணையும் தொடாத."

ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவரே முதல் கியரைப் போட்டுவிட்டு ஓடி வந்து எங்களோடு சேர்ந்தார். நான்கு பேரும் தோளைக் கொடுத்தோம். "விடு!" என்று அவர் கத்தவும், ஓனர் உலகமே அதிரும்படி ஒரு தும்மல் போடவும், வண்டி சேற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு கரையேறவும் சரியாக இருந்தது.

ஏறிய வண்டி நிற்கவில்லை. டீசல் வண்டி முதல் கியரில் இருந்தால், காலை எடுத்தாலும் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டேதான் இருக்கும். மைனி ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்தபடி மலைமேல் போய்க்கொண்டிருந்தார். ஆள் நடக்கிற வேகம்தான். அண்ணாச்சி ஜன்னலோடு ஒட்டி ஓட, பின்னால் எண்ணெயும் சேறும் சீயக்காயுமாக நாங்கள் மூவரும்.

"பிரேக்கைப் போடுட்டி!"

"எது பிரேக்கு?"

"நடுவுல உள்ளது!"

"நடுவுல இந்தக் கம்பிதாம் இருக்கு!"

"கம்பி இல்லட்டி, கால்ல! கால்ல!"

"கால்ல மெட்டிதாம் இருக்கு!"

இந்த உரையாடல் முடிவதற்குள் பாதையும் முடிந்து, மேலே உள்ள புல்வெளி வந்துவிட்டது. மைனி கையில் கிடைத்ததைப் பிடித்து, காலில் பட்டதையெல்லாம் மிதித்ததில், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்து நின்றது.

மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பார்த்தோம். மைனி ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். கண் அகலத் திறந்திருந்தது.

"நான்தான் நிறுத்துனேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு பக்கமாகத் திரும்பி மூடுபனி விலகியது. கீழே மேக்கரை அணைத் தண்ணீர், அதற்கப்பால் பச்சைப் பசேலென்று வயல், வெள்ளை வெள்ளையாக ஊர்கள், தொலைவில் தென்காசிக் கோபுரம் சுண்டுவிரல் அளவுக்கு. மைனி இறங்கி ஓரத்துக்குப் போய் நின்றார்.

"அந்தா, அது நம்ம ஊரா?"

"மேலகரம் அந்த மரத்துக்கு அங்கிட்டு" என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் இப்போது வழிகாட்டியின் ஜம்பம் எதுவும் இல்லை.

"இத்தனை வருசமா நீங்க மட்டும் இதைப் பாத்துக்கிட்டு இருந்தியளாக்கும்?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

"வீட்டுல இருந்து நெனைக்கும்போதுதாம் பயமாட்டு இருக்கு. அந்தப் பாறை எப்படியிருக்குமோ, அந்தப் பள்ளம் எப்படியிருக்குமோன்னு. இங்கன வந்து நின்னா ஒண்ணும் தோணலை" என்றார் மைனி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

வண்டியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. கேட்கிற தைரியம் அண்ணாச்சிக்கும் இல்லை. புளியோதரை சாப்பிட்டோம். ஓடையில் குளித்தோம். சீயக்காய் பூராவும் கையிலேயே தீர்ந்துபோனதால் எண்ணெய் ஒரு சொட்டுகூடப் போகவில்லை. அடுத்த ஒரு வாரத்துக்குக் கடையில் கீபோர்டு, மௌஸ், பேனர் எல்லாம் நல்லெண்ணெய் மணத்தது தனிக் கதை.

மலையை விட்டு இறங்கினோம். பண்பொழியில் டீக்கடை முன்னால் நிறுத்தியபோதுதான் போனுக்கு உயிர் வந்தது. வந்ததும் மணி அடித்தது. செங்கல் சூளைக்காரர். அண்ணாச்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம் மாதிரி இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். மைனி அதைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

"ஆமா, நான்தான் பேசுதேன். இல்லண்ணே, வண்டி குடுக்கதா இல்ல. நான் இப்பத்தான் ஓட்டப் படிக்கேன். நீங்க வேற வண்டி பாத்துக்கிடுங்க."

போனை அணைத்துவிட்டு, "எனக்குச் சீனி கம்மியா ஒரு டீ" என்றார் கடைக்காரரிடம்.

அண்ணாச்சிக்கு உயிர் வந்ததும், ஸ்டீயரிங்கை நினைத்து அதில் பாதி போனதும் முகத்தில் அப்படியே தெரிந்தது. கடைசியில், வந்த உயிர்தான் ஜெயித்தது. மைனியிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இரண்டடி வைத்தார், முடியவில்லை. நடுக்கடைத் தெருவில் நம்ம ஆட்கள் பொண்டாட்டியிடம் சந்தோஷத்தை எப்படிச் சொல்லுவது? நேரே எங்களிடம் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, "சாரல்ல நனையுதியளடே, சளி பிடிச்சிரும்" என்று ஓனர் தலையைத் துவட்டினார். பிறகு சேவியர் தலை. பிறகு என் தலை. கண்ணில் தண்ணீர் நிற்க, விட்ட இடத்தையே மறுபடி மறுபடி துவட்டினார். துவட்டத் துவட்ட எண்ணெய்தான் காதெல்லாம் இறங்கியது. போதும் அண்ணாச்சி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றேன்.